விடுப்பில் இருந்தார்

நாகர்கோவில் படைவீரர் நல அலுவலகத்தில்
மருத்துவ அட்டைக்கு வரிசையில் நின்றபோது
அந்தப் பையன்தான் உரக்க வாசித்தான்,
இவருக்குக் காது மந்தம் என்று:
"இருபத்தொன்பது பதினொன்று எழுபத்தொன்று முதல்
முப்பது நாள் விடுப்பு.
சண்டை நடந்தப்போ வீட்டிலதான் இருந்திருக்கீங்க தாத்தா.
அதான் பூர்வி ஸ்டார் ஏறல்ல."

இவர் தலையாட்டினார்.
எதற்கும் தலையாட்டுகிறவர்.
நான்தான் சொன்னேன்,
"இல்ல மக்களே, வீட்டில இல்ல."

வீட்டில் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.
நான் இருந்தேன்.
ஓலை பிரிந்த அடுக்களையில்
ஒழுக்குக்கு ஏந்திய மூன்று பானைகள் இருந்தன.
மரச்சீனி வெந்துகொண்டிருக்கையில் பனிக்குடம் உடைந்தது.
அண்ணன் பொன்னுமுத்து மழையில் சைக்கிள் மிதித்து
கருங்கல்லிலிருந்து கார் பிடித்து வந்தான்.
டிசம்பர் ஒன்பது, வியாழக்கிழமை.
நம் ஆட்கள் ஏதோ ஆற்றைக் கடந்துவிட்டதாக
டிரைவர் சொல்லிக்கொண்டே வந்தார்.
எனக்குக் குழித்துறை ஆறுதான் தெரியும்.

விடுப்பு உண்மைதான்.
பெட்டி கட்டி, ஒரு ராத்திரி ரயிலிலும் வந்திருக்கிறார்.
கரக்பூரில் ஒலிபெருக்கி
ரெஜிமென்ட் ரெஜிமென்டாகக் கூப்பிட்டிருக்கிறது.
போனது மையில் இருக்கிறது,
இறங்கித் திரும்பியதை எவரும் ஏற்றவில்லை.
இதெல்லாம் இப்போதுதான் சொல்கிறார்.
ஐம்பது வருஷமாக நான் கேட்கவில்லை.
கோபத்தில் கேட்கவில்லை.

"சாட்சி வேணும் அம்மா.
கூட இருந்தவங்க யாராவது?"
ஒருவர் திருவட்டாறு கல்லறையில்.
ஒருவர் தன் பெயரையே மறந்து மகள் வீட்டில்.
ஹவில்தார் குருவிளாவின் எண் உபயோகத்தில் இல்லையாம்.
கூட இல்லாமல் இருந்தவள் ஒருத்தி உண்டு, என்றேன்.
அது எந்தக் கட்டத்தில் வரும் என்று
பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மிஷன் ஆஸ்பத்திரியின் பழைய பிறப்பேடு.
அறையில் வௌவால் நாற்றம்.
நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு புரட்டினாள்.
பெண் குழந்தை, ஆறு ராத்தல் சொச்சம்.
தகப்பன் ஒப்பம் என்ற இடத்தில்
அண்ணனின் கோணல் எழுத்து:
பட்டாளத்தில் இருப்பதால், மாமன்.

இவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி வாசித்தார்.
அந்த ஒப்பத்தின்மேல் விரலை வைத்தார்.
பொன்னுமுத்து செத்துப் பதினாறு வருஷம்.
"நல்ல கையெழுத்து" என்றார்.
அவன் கையெழுத்து ஒருநாளும் நன்றாக இருந்ததில்லை.

முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தேன்.
மேற்படி நேசையன் மேற்படி தேதிகளில்
என் பக்கத்தில் இல்லை.
பிரசவ அறை வாசலில் இல்லை.
பிள்ளைக்குப் பெயர் விடும்போது இல்லை.
ஈஸ்டர் கழிந்து வந்து தூக்கியபோது
பிள்ளை அவர் மீசையைக் கண்டு வீறிட்டது.
கடைசி இரண்டு வரியை நோட்டரி அடித்தார்.
தேவையில்லையாம்.

பதினான்கு மாதம்.
நகல் தெளிவில்லை என்று இரண்டு தடவை திரும்பி வந்தது.
ஒரு சக்கைக் காலம் முழுக்கப் பதிலே இல்லை.
பிறகு பழுப்புக் கவர்:
விடுப்புப் பதிவு நீக்கப்பட்டது,
பதக்கம் தனியே அனுப்பப்படும்.

வந்தது.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி.
விளிம்பில் எண்ணும் பெயரும்.
பெயரில் ஓர் எழுத்து குறைகிறது.
அதற்கு இனி யாரும் எழுதிப் போடட்டும்.

நன்றி சொல்லப் போன இடத்தில்
பையனிடம் கேட்டேன்:
"அந்த முப்பது நாளும் எடுக்கல்லன்னு
இப்போ ஏட்டிலேயே ஆச்சுல்லா மக்களே,
அப்போ அது பாக்கிதானே?"
அவன் சிரித்தான்.
பக்கத்து மேசையும் சிரித்தது.
இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
காதில் விழவில்லை என்று நினைத்தேன்.

வடசேரியில் பஸ் ஏறியதும்
ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டுவிட்டு,
டிக்கெட் வாங்கி, சில்லறையை எண்ணி முடித்து,
"எந்தத் தேதியிலேருந்து?" என்றார்.