சுகதேகி

கண்டியில், படிவத்தில் என் பெயருக்கு நேரே
சுகதேகி என்று எழுதினார்கள்.
சவரிமுத்து, வயது அறுபத்தொன்பது,
கல்லுமலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம்
கொழுந்து நிறுவை.
சீனி இல்லை, பிரஷர் இல்லை.
முந்தின இரவு சாப்பிட்டது ரொட்டியும் கட்டச்சம்பலும்,
கேட்டவுடன் சொன்னேன்.

நோயில்லாதவர்களைத்தான் தேடுகிறார்களாம்.
மறதி வாசலுக்கு வருவதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முந்தியே
மண்டைக்குள் அதன் தடம் விழுமாம்.
அதைப் படம்பிடிக்க வேண்டுமாம்.

மோதிரம், பெல்ட், சில்லறை, கழுத்துச் சிலுவை
எல்லாம் ஒரு பிளாஸ்டிக் தட்டில் போயின.
நில்மினி என்ற பிள்ளை
காதோரம் பஞ்சு அடைத்தாள்.
"ஹெலவென்ன எப்பா, மாத்தயா."
அசையவில்லை.
குழாய்க்குள் அந்தச் சத்தம்!
ஃபெக்டரியில் ரோலர் பல்லு உடைந்த அன்று
இப்படித்தான் அடித்தது.

திரையில் பிறகு காட்டினார்கள்.
ஞாபகம் தங்குகிற துண்டாம்,
பக்கத்துக்கு ஒன்று, கடற்குதிரை போல வளைந்து.
கடலையே நான் நாலு தரம்தான் பார்த்திருக்கிறேன்.
அது சுருங்குகிறதா என்று
வருஷா வருஷம் அளப்பார்களாம்.

டாக்டர் ஐந்து சொல் தந்திருந்தார்:
குடை, வெள்ளாடு, தபால், ஊதா, இன்னொன்று.
பத்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது
நாலு சொன்னேன்.
"பரவாயில்லை" என்றார்.
பென்சில் எதையோ கழித்தது.

கழிவு எனக்குத் தெரியும்.
சாக்குக்கு ஒன்று, முற்றலுக்கு ஒன்று,
ஈரத்துக்கு இரண்டு.
வெயில் கொளுத்துகிற நாளிலும்
ஈரத்துக்கு இரண்டு.
துரை சொன்ன கணக்கு. எழுதிய கை என்னுடையது.
மற்றவர்கள் முனகிக்கொண்டு போய்விடுவார்கள்.
ராக்காயி மட்டும் நிற்பாள்,
கூடைக் கயிறு நெற்றியில் அழுத்திய கோட்டோடு:
"முள்ள இந்தப் பக்கம் திருப்புங்க, கணக்கப்பிள்ள.
கொறைக்கிறத கொறைங்க.
எவ்வளவு கொறையுதுன்னு நானும் பாக்கணும்."

நான் ஒருநாளும் திருப்பியதில்லை.

கடைசித் தாள் மூன்று மொழியில் இருந்தது.
பெறுபேற்றை அறிய விரும்புகின்றீரா? ஆம். இல்லை.
பக்கத்தில் கம்பளை போஸ்ட் மாஸ்டர்
'இல்லை'யில் புள்ளடி போட்டுவிட்டு
பிளேன்டீ குடிக்கப் போனார்.
ஃபிலோமினா போனில் சொன்னாள்:
"தெரிஞ்சு என்னத்தச் செய்யப் போறீங்க?
முழுசா மாத்துற மருந்து இல்லையாமே."
அவள் சொன்னது சரிதான்.
நான் பேனாவை வைத்தேன், எடுத்தேன்,
மூடியைக் கடித்தேன்.
தராசின் மறுபக்கத்தில் நான் நிற்பது
இதுதான் முதல் தரம்.

'ஆம்' என்று போட்டேன்.

கினிகத்தேனை வளைவில் பனிமூட்டம் இறங்கி
பஸ் ஊர்ந்தபோது
ஐந்தாவது சொல் தானாக வந்தது. வாழைப்பூ.
சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது,
முன் சீட்டுப் பிள்ளை திரும்பிப் பார்த்தது.

பிறகு கணக்கு வந்தது. நான் கூப்பிடவில்லை.
நாளுக்கு நாலு கிலோ.
மாதத்துக்கு இருபத்தைந்து பேர்.
ராக்காயி என் தராசடியில் நின்றது இருபத்திரண்டு வருஷம்.
ஹற்றன் வரும்வரை
கண்ணாடியில் விரலால் பெருக்கினேன்.
இருபத்தாறாயிரத்து நானூறு.
இரண்டாம் தரமும் போட்டுப் பார்த்தேன்,
ஓர் இலக்கமும் மறக்கவில்லை.