வாதி தரப்புச் சான்றாவணம் 7

படத்தில் ஓர் ஏரி.
கரையில் மஞ்சள் வீடுகள்
ஒன்றின் தோளில் ஒன்று ஏறி
தண்ணீரை எட்டிப் பார்க்கின்றன.
மணிக்கூண்டில் நாலே கால்.
முன்னால் ஒச்சம்மாள், கனத்த மாலையோடு.
பக்கத்தில் காத்தாண்டி, இரவல் கோட்டில்.

எதிர்த்தரப்பு வக்கீல் படத்தைத் தூக்கிப் பிடிக்கிறார்:
"இது எந்த ஊர் ஏரிம்மா?"

கேள்வி. வரி விட்டுப் பதில்.
தட்டச்சில் என் விரல்கள் காத்திருக்கின்றன.

எனக்குத் தெரியும் அந்த ஊர்.
உசிலம்பட்டி சந்தைக்குப் பின்னால்
சவரிநாயகம் ஸ்டுடியோவில்
பத்துக்கு எட்டடித் திரைச்சீலை.
இத்தாலி என்பார்.
பிஸ்கட் டப்பா மூடியைப் பார்த்து
கட்சி பேனர் எழுதுகிறவர் வரைந்தது.
மூடியில் ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் துரு.
மூடியில் இல்லாத ஒரு படகை அவராகச் சேர்த்தார்,
படகில் ஒரு கோழியையும்.
வெறும் படகு விடக் கூடாதாம்.

தாலுகாவில் பாதிப் பேருக்கு
அந்தக் கரையில்தான் கல்யாணம்.
காதுகுத்தில் மொட்டைத் தலையோடு நான்
கோழிக்கு நேர் கீழே அழுதிருக்கிறேன்.
செத்துப்போன கருத்தமாயனையும்
நாற்காலியில் கட்டி உட்காரவைத்து எடுத்தார்கள்.
கேமரா பக்கம் நிற்காமல் தலை சாய்ந்துவிட்டது.
அத்தனை பேரிலும்
ஏரியைத் திரும்பிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

தொண்ணூற்று மூன்று ஐப்பசியில் ஓடு ஒழுகி
மணிக்கூண்டின் நடுவே பழுப்பாய் ஒரு கறை இறங்கியது.
அதற்குப் பின் எடுத்த எந்தப் படத்திலும்
அந்தக் கோபுரம் காயவே இல்லை.

தொண்ணூற்று ஐந்தில்தான் இந்தப் பொம்பளை
வீட்டுக்குள் வந்தாள் என்கிறார்கள்
காத்தாண்டியின் அண்ணன் மக்கள்.
சான்றாவணம் ஏழில் கோபுரம்
எலும்புபோல் காய்ந்து நிற்கிறது.
நான் சாட்சி இல்லை.
சம்பளம் விரலுக்கு.

"எந்த ஏரின்னு தெரியாதுங்கய்யா.
காலு நனையல.
மாலைதான் சொட்டச் சொட்ட ஈரம்,
ரவிக்கையெல்லாம் நனைஞ்சுபோச்சு."

"இல்லாத ஏரிக்கரையில் நடந்த
இல்லாத கல்யாணம்" என்கிறார் வக்கீல்.
பின்வரிசையில் சிரிப்பு.

ஒச்சம்மாள் தரையைப் பார்க்கிறாள்.
"இந்தக் கோர்ட்டும் கம்மாய்க்குள்ளதான நிக்கிது?
போன மழைக்கு வந்தப்ப
பெஞ்சு மேல காலத் தூக்கி வச்சுல்ல உக்காந்திருந்தோம்.
இது எந்தக் கம்மாய்னு நீங்க சொல்லுங்க,
பெறகு நான் சொல்றேன்."

மின்விசிறி சுற்றுகிறது.
நீதிபதி என் பக்கம் திரும்பி
அது வேண்டாம் என்கிறார்.
பின்னோக்கிப் போகும் விசையை அழுத்துகிறேன்,
ஒவ்வோர் எழுத்தாக.
கம்மாய் கடைசியாகத்தான் போனது.

வாய்தா அடுத்த மாதம்.

போகும்போது மேசையருகே நின்று கேட்டாள்:
"படத்தக் குடுத்துருவீகளா?"
"தீர்ப்புக்கு அப்புறம்மா."
முந்தானை நுனியால்
படத்தை ஒருமுறை ஒற்றிவிட்டுப் போனாள்.
நீதிமன்ற முத்திரை ஈரம் காயாமல்
தண்ணீரில் விழுந்திருந்தது,
ஊதா நிறமாகக் கரைந்து,
கோழிக்குக் கொஞ்சம் பக்கத்தில்.