மூணாறு தலைப்பு

பாமணியாற்று மதகை அரை அடி உயர்த்த
உதவிப் பொறியாளர் கையெழுத்து வேண்டும்.
கோரையாற்றுக்காரர்கள் ஆட்சேபித்தால்
மறுபடி கூட்டம், மறுபடி டீ.
பதிவேட்டில் மணி, நிமிஷம், என் சுருக்கொப்பம்.
முப்பது வருஷமாக லஸ்கர் நான்.
ராத்திரி வந்து சாவி கேட்ட எம்.எல்.ஏ.வுக்கும்
கொடுத்ததில்லை.

அண்ணன் சவுரிராசன் கப்பலேறிய வாரம்
எந்தச் சபையிலும் யாரும் கை தூக்கவில்லை.
ஒருத்தர் சொன்னார், போனார்கள்.
கோடியக்கரையிலிருந்து கூப்பிடு தூரம்தானே என்றார்கள்.
அங்கேயும் தமிழில்தான் அழுதிருப்பார்கள்.

திரும்பி வந்தது ஒரு தகரப் பெட்டி,
அதில் பாதி தீர்ந்த பல்பொடி.

நேற்று யாரோ ஒரு எம்.பி.
மசோதா கொடுத்திருக்கிறாராம்:
படை எல்லை தாண்ட அவை ஒப்ப வேண்டும்,
அறுபதாம் நாள் மறுபடி கேட்க வேண்டும்.
தனிநபர் மசோதா, தேறாது என்றான்
டீக்கடைக் காசிநாதன்.
தேறாதுதான்.

இன்று காலை பதிவேட்டைத் திறந்தேன்.
ஷட்டர் எண். உயரம். யார் உத்தரவு.
அந்தக் கடைசிக் கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
பெயரை முழுசாக எழுதிவிட்டுச்
சக்கரத்தைப் பிடித்தேன்.
அரை அடி.
அதற்குமேல் ஒரு பல்கூட நகர்த்தவில்லை.