இணை ஐந்து

முதல் ஆள் மணிக்கு நூற்று நாற்பது வெள்ளி என்றார்.
புக்கிட் தீமா வீடு.
காலணி அடுக்கே எங்கள் சமையலறை அகலம்.
வாசலில் நின்றபடி
கொஞ்சம் குறையுமா என்றேன்.
சுருதி பிசகாமல் சிரித்தார்.

இரண்டாமவர் எட்டாம் நிலைத் தேர்வு வரைதான்.
"தொடக்கக்கல்லூரி இசையா? ஐயோ, அது வேற கடல்"
என்று போனை வைத்தார்.
மூன்றாவது பெண் லண்டனுக்குப் படிக்கப் போய்விட்டாள்.
நான்காவது ஆளின் காத்திருப்புப் பட்டியலில்
நேத்ராவுக்குப் பதினேழாவது இடம்.
வயதும் அதுவே.

ஈசூன் முனையத்தில்
பேருந்தை நிறுத்திக் கிடைக்கும் பத்து நிமிடத்தில்
துணைப்பாட ஆசிரியர் தேடுகிறவள் நான்.
எனக்குத் தெரிந்த தாளம்
கதவு திறக்க, அட்டை தட்ட, கதவு மூட.
தேர்வுக்கு இன்னும் பதினொரு வாரம்.

சாப்பாட்டு மேசையில் அவள் தாள் கிடந்தது.
ஐந்து கோட்டில் ஏறியிறங்கும் எறும்புகள்.
ஆசிரியையின் சிவப்பு மை
எறும்புகளை இரண்டிரண்டாய்ச் சேர்த்துக் கட்டியிருந்தது.
"என்னடி தப்பு?"
"இணை ஐந்தும்மா."
"தமிழ்ல சொல்லு."
"இது தமிழ்தான்."

பிறகு இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள்.
இந்தக் குரலுக்கும் அந்தக் குரலுக்கும் நடுவே ஐந்து படி.
அதே தூரத்தை விடாமல்
இரண்டும் ஒரே பக்கம் நகர்ந்தால் குற்றம்.
"ஏனாம்?"
"ரெண்டு குரல் ஒண்ணாயிடும்.
ஒருத்தி இன்னொருத்தியோட நிழலாயிடுவா."

எங்கள் தடத்திலும் இது உண்டு.
ஒரே எண், இரண்டு வண்டி, ஒட்டிக்கொண்டு வரும்.
முன்னது பிதுங்கி வழியும்.
பின்னது காலியாக வந்து
திட்டு மட்டும் வாங்கும்.
சொன்னேன்.
அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

ஃபிர்தவுஸ் கிடைத்தது என் பேருந்திலேயே.
சக்கர நாற்காலி இடத்தில்
ஒரு பெரிய கறுப்புப் பெட்டியை நிறுத்தி
அணைத்துப் பிடித்திருந்தான்.
கடைசி நிறுத்தத்தில் கேட்டேன்,
உள்ளே யாரப்பா?
"டூபா, ஆன்ட்டி."
தேசிய சேவை. ராணுவ வாத்தியக் குழு.
சனிக்கிழமை மாலை வீட்டுக்கு விடுவார்கள்.
இதே பாடத்தில் ஒருமுறை தோற்று
மறுபடி எழுதியவன்.
அதை அவனே சொன்னான்.
மற்ற நான்கு பேரும் எங்கேயும் தோற்றதாகத் தெரியவில்லை.
நாற்பது வெள்ளி என்றான்.
பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

புளோக் கீழ்த்தளத்தில்
சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை.
அவன் புத்தகத்தைத் திறக்கவில்லை.
"பார்த்தாப் புரியாது. பாடணும்."
பேஸ் அவன். மேல்குரல் நேத்ரா.
ஆல்டோவுக்கு ருத்ரன்,
பன்னிரண்டு வயது, உடைந்தும் உடையாத தொண்டை.
டெனர்?

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.
வேலை முடிந்த சீருடையில் நான்,
கையில் மீன்பந்துப் பொட்டலம்.

"எனக்குப் பாட வராது தம்பி."
"ஒரே ஒரு ஸ்வரம், ஆன்ட்டி.
நாலு எண்ணிக்கை அசையாம நில்லுங்க.
அவங்க நகருவாங்க."

நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறவளை
யாரும் இப்படி நிற்கச் சொன்னதில்லை.
நின்றேன்.
மகள் எனக்கு மேலே ஏறிப் போனாள்.
மகன் என்னை உரசிக்கொண்டு இறங்கினான்.
நடுவில் ஏதோ அதிர்ந்தது,
தொண்டையிலா கல்மேசையிலா
சொல்லத் தெரியவில்லை.
மூன்றாம் மாடியில் யாரோ
சன்னலைப் பட்டென்று சாத்தினார்கள்.

அப்புறம் அவன் வேண்டுமென்றே தப்பாகப் பாடினான்,
நேத்ராவின் குரலுக்குக் கீழே
விடாமல் ஒட்டிக்கொண்டு.
"கேட்டுச்சா?"
கேட்டது.
இரண்டு பேர் இருந்த இடத்தில்
ஒருத்தர்.

நேத்ரா பென்சிலை எடுத்தாள்.
மீன்பந்து ஆறிப்போயிருந்தது,
எண்ணிக்கையும் குறைந்திருந்தது.
ருத்ரன் வேறெங்கோ பார்த்தான்.

அடுத்த சனி எனக்கு மாலை ஷிப்ட்.
மாற்றிக்கொள்ள
ஒரு ஆள் தேட வேண்டும்.