யெதென்

அக்டோபர் இரண்டாம் வாரம், விடியுமுன் நாலரை.
ஜீப் ஆளுக்கொரு பள்ளத்தாக்கில் எங்களை இறக்கிவிட்டுப் போகிறது.
கையில் ஒரு படிவம், நூல் கட்டிய பென்சில்.
கழுத்தில் அக்கா கணவரின் தொலைநோக்கி,
வலக்கண் கொஞ்சம் மங்கல்.

வருடத்துக்கொரு நாள் நாங்கள் கம்சிக் எண்ணுகிறோம்,
தாத்ரா மலையின் வரையாடுகளை.
தெற்கிலிருந்து ஸ்லோவாக்கியர்,
வடக்கிலிருந்து போலந்துக்காரர்,
ஒரே காலையில்,
ஒன்றை இரண்டென எண்ணிவிடக் கூடாதென்று.
மற்ற நாட்களில் நான் பொப்ராத் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறேன்.
மனிதரை எண்ணுவது சுலபம்,
வரிசையில் நிற்பார்கள்.

குட்டைப் பைன் புதர்களுக்கிடையே கரடியின் எச்சம்,
கடைசி புளூபெரிகளால் ஊதா,
இன்னும் ஆவி விடுகிறது.
சத்தம் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும் என்பது விதி.
பேச எதுவும் தோன்றாமல் ரயில் நேரங்களைச் சொன்னேன்:
ஐந்து பதினேழு ஜிலினா, முதல் நடைமேடை,
ஐந்து நாற்பது கோஷிட்செ, தாமதமாக வரும்,
சிரமத்துக்கு வருந்துகிறோம்.
கரடி எங்கிருந்தாலும்
எந்த ரயிலையும் தவறவிட்டிருக்காது.

ஏரி.
பனியாறு எழுந்துபோன படுக்கை,
பத்தாயிரம் வருடமாகியும் யாரும் சுருட்டி வைக்கவில்லை.
அடியில் கடலுக்கு வழி இருக்கிறதென்று ஊரில் சொல்வார்கள்.
விரலை நனைத்து நக்கினேன்.
உப்பில்லை. கல்லின் ருசி,
பிறகு வெகுநேரம் விரலே இல்லை.

மர்மோட்டுகள் தூங்கப் போய்விட்டன.
கடைசியாகப் போனது அவசரத்தில்
வாயிலிருந்த காய்ந்த புல்லை வாசலில் சிந்தியிருக்கிறது.

ஸ்டிபோர் எதிரே, இல்லை, எனக்கு முன்னே,
மலைவிடுதிக்கு எழுபது கிலோ சுமந்து:
வெங்காயம், ஒரு பீர் பீப்பாய், எரிவாயு உருளை.
தலைக்கு மேலே மரச்சட்டம் ஒரு சிறு வீடுபோல.
நிற்காமல் சொன்னான்,
"நேற்று மேலே ஆறு. ஒன்றுக்கு ஒற்றைக்கொம்பு."
நிற்காமல் போனான்.
அவனை எழுதப் படிவத்தில் கட்டமில்லை.

ஏழு ஐம்பது: மூன்று, சரிவில்.
எட்டு இருபத்தைந்து: தாயும் குட்டியும்.
குட்டி ஒரு கல்லைத் தட்டிவிட்டு
அது விழுவதைக் கடைசிவரை பார்த்தது.

ஒன்பது நாற்பது.
முகட்டின் மேல், எல்லைக்கல்லை நடுவில் விட்டு,
முன்கால்கள் போலந்தில், பின்கால்கள் எங்களிடம்,
குளிர்கால ரோமம் பாதி கறுத்து,
ஒற்றைக்கொம்பு.
அதற்கு அப்பால் சிவப்புத் தொப்பியில் ஒருத்தி,
தொலைநோக்கியால் அதைப் பார்க்கிறாள்,
பிறகு என்னைப் பார்க்கிறாள்.

பதினொரு நிமிடம்.
அது சிறுநீர் கழித்தது (எங்கள் பக்கம்).
காதை அசைத்தது.
தெற்கா வடக்கா? நகரும் திசை என்று ஒரு கட்டம்,
அதில் அம்புக்குறி போட வேண்டும்.
பென்சில் தயாராக இருந்தது.
மூடுபனி ஏறி வந்தது
பால் பொங்குவதுபோல, யாரும் அணைக்காமல்.

வெண்மைக்குள்ளிருந்து அவள் கூவினாள்: "யெதென்!"
ஒன்று என்பதற்கு எங்கள் இரு மொழியிலும் ஒரே சொல்.
நானும் கூவினேன்: "யெதென்!"
பாறைகள் திருப்பிச் சொல்லி நான்காக்கின.

பனி விலகியபோது கல் மட்டும்.
தொப்பியும் இல்லை.

மாலையில் விடுதி அடுப்படியில்
காட்டிலாகாவின் இம்ரிக் தாள்களைச் சேர்த்தார்.
"உனக்கு எத்தனை?"
"ஐந்து. ஒரு கேள்விக்குறி."
"கேள்விக்குறி புல் தின்னுமா?" என்றார்,
ஆனாலும் அழிக்கவில்லை.
ஸ்டிபோர் மூலையில் சாக்ஸ் காய வைத்துக்கொண்டு
ஆறு விரல் காட்டினான்.

மறுநாள் ஐந்து பதினேழுக்கு முன்
கவுன்டர் கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.
"யெதென்," என்றது குரல்.
நிமிர்ந்து பார்த்தேன், தேவையானதைவிட அதிக நேரம்.
சாதாரண மனிதர், கையில் பெட்டி,
தலையில் இரண்டு பக்கமும் முடி.
கேட்க வேண்டியதைத்தான் கேட்டேன்:
போக மட்டுமா,
திரும்பி வரவுமா?