நானூறு

பீட்டர்ஹெட் பள்ளி முற்றத்துக்கு
காவலும் நான், துடைப்பமும் நான்.
செவ்வாய்க்கிழமை பூகன் டீச்சர் ஓர் ஆணி கேட்டார்.
தார்த்தரையில் அடித்துக் கொடுத்தேன்.
அதுதான் மையமாம்.

கட்டத்தாளில் பதினைந்து சென்டிமீட்டர் ஹெர்ரிங் மீன்.
மூக்கின் இடத்தில் ஆணி.
அங்கிருந்து கண் எவ்வளவு தூரமோ
அதற்கு இருபது மடங்கு,
வாலுக்கும் இருபது என்று
கயிறு பிடித்து ஓடினார்கள், காற்று பிடுங்கப் பிடுங்க.

வண்ணத்தில்தான் வந்தது வம்பு.
தாள் மீன் தின்றது
ஒரு சாக்பீஸில் பத்தில் ஒரு பங்கு.
இருபது மடங்குக்கு இரண்டு போதும் என
எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான் ஸ்ட்ரூவன்.
இரண்டும் தீர்ந்தன,
நீலம் கண்ணைக்கூடத் தாண்டவில்லை.

டீச்சர் வாய் திறக்கவில்லை.
மோர்வென் தாளிலிருந்து ஒரு கட்டத்தை வெட்டி
தரையில் குப்புறப் படுத்தாள்.
பெரிய கட்டத்துக்குள் அதை நகர்த்தி நகர்த்தி,
குறுக்கே இருபது,
அப்படியே இருபது வரிசை.
"நானூறுடா, மடையா!"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது,
இடுப்புச் சாவியின் பக்கம்.
ஈஸ்டர் வரை வரவேண்டிய நாலு பெட்டி.
கொடுத்தேன்.

வால் விரிந்த கோணம் மட்டும்
தாளில் இருந்த அதே நாற்பது பாகை.
அது யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு மழை.
அதுவும் முதலில் தப்புக் கணக்கோடுதான் வந்தது,
ஒரு தூறல், மூக்கு நனைந்தது.
பிறகு திருத்திக்கொண்டது.

நீலத்தை வடிகாலுக்குத் தள்ளிவிட்டேன்.
ஆணியைப் பிடுங்கவில்லை.