விளக்கு நாற்பத்தொன்று

டுலூத் நகரில் மார்ச் மாதம்.
ஏரி இன்னும் உறைந்தபடிதான் கிடக்கிறது.
பள்ளி அரங்கின் பின்கதவு வழியே
ஆடுதரையைச் சுருள் சுருளாக இறக்குகிறோம்.
குளிரில் விறைத்த ரப்பர்
விரிய மாட்டேன் என்கிறது,
எழுப்பிவிட்ட நாய் மறுபடி சுருண்டுகொள்வது மாதிரி.
ஹால்வர் ஹீட்டரை அதன் பக்கம் திருப்பி வைக்கிறான்.

ஆடுகிறவர்கள் பதினொரு பேர்.
பன்னிரண்டாமவள் ஃபார்கோவில் கெண்டைச்சதை கிழிந்து
பேருந்தேறி வீட்டுக்குப் போய்விட்டாள்.
நான் ஆடுவதில்லை.
இருட்டில் உட்கார்ந்து
காதுக்கருவியில் "இப்போது" என்பது என் வேலை.
சொன்னால் வெளிச்சம் உண்டாகும்.
இருபத்திரண்டு வருடமாகக் கடவுளின் உத்தியோகத்தை
மணிக்கூலிக்குப் பார்க்கிறேன்.

முதல் பாதி பழையது. "உப்பளம்".
வில்லா ஸ்ட்ராண்ட் அமைத்தது, 1961-இல்.
அவர் போய் முப்பது வருடம்;
எதையும் எழுதி வைக்கவில்லை.
மிஞ்சியது ஒரேயொரு படச்சுருள்,
சத்தமில்லாதது, கறுப்பு வெள்ளை,
வலது ஓரத்தை யாரோ ஒரு பார்வையாளரின் தொப்பி
கடைசிவரை மறைத்துக்கொண்டிருக்கும்.
தொப்பிக்குப் பின்னால் ஆள் நின்றது என்று ஒரு கட்சி,
வெறும் இடம் என்று மறு கட்சி.
சண்டை வேண்டாமென்று பன்னிரண்டாமவளை அங்கே
முதுகு காட்டி நிற்க வைத்திருந்தோம்.

பதினேழாம் நிமிடம்
ஓடிவரும் பெண்ணின் இடது பாதம் வழுக்கும்.
முழங்கால் தரையைத் தொட்டும் தொடாமலும் போக
ஒரு கை காற்றில் எதையோ பற்றப் பார்க்கும்.
பிறகு எழுவாள்.
அதற்குத்தான் விளக்கு நாற்பத்தொன்று:
பக்கவாட்டில், தாழ்வாக, தேன் நிறத்தில்.

கட்டுரைகள் உண்டு அதைப் பற்றி.
போருக்குப் பிந்திய உடல் என்றார் ஒருவர்.
ஒருவர் கடவுளை இழுத்தார்.
ஒடெஸா அந்த வழுக்கலை
வழுக்காமல் செய்ய இரண்டு குளிர்காலம் பழகினாள்.
இடுப்பில் நீலம்,
அது மஞ்சளாகி ஆறுமுன் மேலே இன்னொரு நீலம்.

இன்று ஒத்திகைக்கு வந்தார் பெர்னீஸ் கோஸ்கி.
படத்தில் ஓடிவருபவர் அவர்தான்.
இதே ஊர், எண்பத்தாறு வயது,
தாதுக்கப்பல் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்.
பனிக்காலணியோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார்.
ஒடெஸா விழுந்து எழுந்ததும்
சிரித்துவிட்டார்.

"அது நடனம் இல்லம்மா.
யாரோ தரையில் சோடாவைக் கொட்டியிருந்தார்கள்.
நான் வழுக்கிவிட்டேன்.
வில்லா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை."

ஹீட்டர் மட்டும் முனகியது.
எடுத்துவிடலாமா என்றது ஒரு குரல்.
உரிமைக்காரர்களைக் கேட்க வேண்டும் என்றார் மேலாளர்.
வியர்வை சொட்ட நின்ற ஒடெஸா கேட்டாள்:
"அந்தக் கை எதைப் பிடிக்கப் போனது?"

"லோரெட்டாவை. அங்கேதானே நின்றாள்.
அவளும் நீட்டினாள், பாவம். எட்டவில்லை."
சொல்லிவிட்டு, நாலேகால் பேருந்துக்கு நேரமாயிற்றென்று
கையுறையைத் தேடினார்.

இரவு, எடுக்கவில்லை.
ஒடெஸா ஓடிவந்தாள், வழுக்கினாள்,
வலது ஓரம் காலியாக இருந்தது.
கை போன நீளம் புதிது.
"இப்போது" என்பதை அரை நொடி தாமதித்துச் சொன்னேன்.
ஹால்வர் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

இரண்டாம் பாதி புதியது, இன்னும் பெயரில்லை.
தியோ மரெங்கோ அமைத்தது; இசை கிடையாது,
விளையாட்டுக் காலணிகள் தரையில் கிறீச்சிடும்,
இருபத்தெட்டு நிமிடம்.
முன்வரிசையில் ஒருவர் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தபோது
துறைமுகத்தில் பனியுடைக்கும் கப்பல்
நீளமாகச் சங்கு ஊதியது.

பதினொரு பேரும் நின்றார்கள், சொல்லிவைத்தாற்போல.
ஒருத்தியின் கால் மட்டும் தரைக்கு ஒரு சாண் மேலே,
சங்கு அடங்கும்வரை இறங்கவேயில்லை.
கடிகாரக்காரர் மணிக்கட்டை மூடிக்கொண்டார்.

இருட்டில் தியோ என் தோளைத் தட்டி
"அதைக் குறித்து வை" என்றான்.
குறித்தேன், பென்சிலால்: கப்பல். ஒன்பது நொடி.

நாளை ஓ கிளேரில் காட்சி.
அங்கே ஏரியும் இல்லை, துறைமுகமும் இல்லை.
லாரியில் தரையைச் சுருட்டி ஏற்றும்போது
ஹால்வர் இரண்டு கையையும் வாயில் குவித்து
ஊதிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.